கைமணி முதல் கைப்பேசி வரை



நம் பங்கின் பொன்விழா மலரில் ஆலயம் எழுந்த கதையும், இங்கு உழைத்த குருக்களின் வரலாறும், பக்த சபைகளின் பணியும் வேறு பக்கங்களில் இடம் பெறுகின்றன. மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது வேறொன்று. "சாமி, இப்போது ஞாயிறு பூசை கைப்பேசியிலேயே வருகிறது. இது எப்படி வந்தது, இது சரிதானா என்று நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். முதற்கேள்விக்கு வரலாறு விடை தரும். இரண்டாம் கேள்விக்கும் அதே வரலாற்றில்தான் விடை தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

மணியும் புத்தகமும்

1542-ஆம் ஆண்டு புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவரிடம் பொருளும் இல்லை, தமிழும் இல்லை. கையில் ஒரு மணி இருந்தது. அதை ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டி வைத்துச் செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். நம் நாட்டு மறைப்பணியில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தந்த கருவி எதுவென்று கேட்டால், அந்தக் கைமணிதான் என்று தயங்காமல் கூறலாம்.

ஆனால் மணியோசை எட்டும் தூரம் சிறிது. அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு என்ன செய்வது? இந்தக் கவலையிலிருந்து பிறந்ததே தமிழ் அச்சு. சேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று எழுதிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு மறைக்கல்வி நூல்! இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அச்சுச் செலவுக்குக் கடற்கரைப் பரதவ மக்கள் பொருள் தந்து உதவினார்கள். அக்காலத்தில் அச்சு இயந்திரம் புதுமையிலும் புதுமை. முத்தெடுக்கக் கடலில் மூழ்கிய மக்கள் அந்தப் புதுமைக்குத் தங்கள் உழைப்பின் காசைத் தந்தார்கள். உபதேசியார் வர இயலாத நாளிலும் வீட்டில் செபம் இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு ஈடாகத் தந்த காசு அது.

வானொலியும் தொலைக்காட்சியும்

1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் வத்திக்கான் வானொலியைத் தொடங்கி வைத்தார். அதை நிறுவிக் கொடுத்தவர் வானொலித் துறையின் முன்னோடியான மார்க்கோனியே. 1948-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி பாரிஸ் நகர் நோத்ர்தாம் பேராலயத்திலிருந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. பின்னர் பன்னிரண்டாம் பத்திநாதர், தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாகப் புனித கிளாரம்மாளை அறிவித்தார். காரணம் அழகானது. நோயுற்றுப் படுத்திருந்த கிளாரம்மாள், கோயிலுக்குப் போக இயலாத ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், அங்கு நடந்த வழிபாட்டைப் படுக்கையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. திருச்சபை இக்கருவியைப் பார்த்தபோது அதன் நினைவுக்கு வந்தவர் ஒரு நோயாளி என்பதைக் கவனியுங்கள்.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டை வெளியிட்டது. 1969-இல் பிலிப்பைன்சில் வேரித்தாஸ் வானொலி ஆசிய மக்களுக்காகத் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு தெருவுக்கு ஒரு வானொலிப் பெட்டி என்றிருந்த காலம். இரைச்சலுக்கு நடுவே குரல் வரும், போகும். பாட்டி பெட்டியைத் தட்டித் தட்டி அதைத் திரும்ப வரவழைப்பார். 2018-இல் அவ்வானொலி சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்திற்கு மாறிவிட்டது.

மூன்று தலைமைத் தூதர்கள்

1995-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளில் வத்திக்கான் முதன்முதலாக இணையத்தில் தோன்றியது. அப்பணியில் முன்னின்று உழைத்தவர் அமெரிக்க நாட்டுப் பிரான்சிஸ்கன் சபை அருட்சகோதரி ஒருவர். அதற்கென அமைத்த மூன்று கணிப்பொறிகளுக்கு இரபேல், மிக்கேல், கபிரியேல் என்று பெயரிட்டார்கள். செய்தி சுமப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ!

2001 நவம்பர் 22 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், ஓசியானியா நாடுகளின் திருச்சபைகளுக்கு எழுதிய மடலைக் கணிப்பொறியில் ஒரு விசையைத் தட்டி அனுப்பினார். பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு அது நொடியில் சென்றது. மறு ஆண்டே இணையம் பற்றி வத்திக்கான் வெளியிட்ட ஏடு, இதைக் கண்டு அஞ்சி ஒதுங்க வேண்டாம் என்று ஊக்கமூட்டியது. கூடவே, இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்றும் தெளிவாக வரம்பு கட்டியது.

அந்த வரம்பை நன்கு உணர்ந்தவர் மிலான் நகர்ச் சிறுவர் கார்லோ அகுதிஸ். நற்கருணைப் புதுமைகளைத் தம் கணிப்பொறியில் தொகுத்து உலகறியச் செய்த இவர், நாள்தோறும் திருப்பலிக்குச் செல்லத் தவறாதவர். 2006-இல் பதினைந்தாம் வயதில் இறந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ இவரைப் புனிதராக உயர்த்தினார்.

நாம் கற்ற பாடம்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் அடைபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 27 மாலை மழையில் நனைந்த வெறிச்சோடிய பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று செபித்ததை உலகமே திரையில் கண்டது. நம் ஆலயத்திலும் ஒரு மெழுகுதிரித் தண்டில் என் கைப்பேசியைக் கயிற்றால் கட்டி, யூடியூப் வழியாகத் திருப்பலியை அனுப்பினோம். கயிறு தவிர வேறு செலவில்லை. துபாயிலும் குவைத்திலும் உழைக்கும் நம் பிள்ளைகளும் கண்டார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை ஏற ஏற, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் உள்ளூர ஒரு பெருமிதம் ஏறியது.

ஒரு மாலை ஆலயத்தின் பின்தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர், எண்களை அழுத்திப் பேசும் தம் பழைய கைப்பேசியில் என்னை அழைத்தார். "சாமி, ஊரெல்லாம் பூசை பாக்குதாம். எனக்கு மணிச்சத்தம் மட்டுந்தான் கேக்குது" என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. துபாய்க்கு எட்டிய திருப்பலி பின்தெருவுக்கு எட்டவில்லை. நமக்குச் செலவில்லாத கருவி, அவருக்கு வாங்க இயலாத விலையாக இருந்தது.

வழி கண்டவர்கள் நம் இளைஞர்கள். சாதாரணக் கைப்பேசியிலும் ஒரே அழைப்பில் நாலைந்து பேரை இணைக்கலாம் என்றார்கள். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்தே சில முதியோரை அழைத்து இணைத்து, திருப்பலி ஓடும் திரையருகே தங்கள் பேசியை வைத்தார்கள். மாலையில் அதே முறையில் செபமாலை. மூதாட்டி மறுமொழி சொல்லும் குரல் அந்த இளைஞர்களின் வீடுகளில் கேட்டது. உயர்ந்த விலைக் கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது, எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்ற பட்டியல் மட்டுமே.

வரவேண்டியவரும் வர இயலாதவரும்

கதவுகள் திறந்த பின் வேறொரு சோதனை வந்தது. நலமாக இருந்தும் சிலர் வீட்டிலேயே பூசை பார்த்துவிட்டு நிறைவடைந்தார்கள். 2020 ஆகஸ்டில் திருவழிபாட்டுப் பேராயம் எழுதிய மடல், எந்த ஒளிபரப்பும் நேரில் பங்குகொள்வதற்கு ஈடாகாது என்று நினைவூட்டியது. நம் பங்குப் பேரவையிலோ கடும் விவாதம். நிறுத்திவிட்டால் வருவார்கள் என்றனர் ஒரு சாரார். நிறுத்தினால் நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள் என்றனர் மறுசாரார். இருதரப்பிலும் நியாயம் இருந்தது.

இறுதியில் எடுத்த முடிவு இதுதான்: திருப்பலி தொடர்ந்து செல்லும், ஆனால் வீட்டிலிருந்து பார்க்கும் நோயாளர், முதியோர் ஒவ்வொருவரின் பெயரும் பங்கு ஏட்டில் இருக்க வேண்டும், அவ்வீடுகளுக்கு நற்கருணை செல்ல வேண்டும். இன்று ஞாயிறு பூசை முடிந்ததும் நற்கருணைப் பணியாளர்கள் புறப்படுவதைப் பார்க்கிறீர்கள். திரை அவர்களுக்கு முகவரி காட்டுகிறது; அப்பத்தை மனிதர்தாம் கொண்டுபோகிறார்கள். அந்த மூதாட்டியின் வீடுதான் அப்பட்டியலில் முதலாவது.

நலமாக இருந்தும் வராதவர்களுக்கு இம்மலர் வழியாக ஒரு வார்த்தை: உங்கள் இடம் ஆலயத்தில் காலியாகவே இருக்கிறது. சவேரியாரின் மணியோசையைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தவர் உபதேசம் கற்றதில்லை. மணி ஒலிப்பது, கேட்டவர் எழுந்து வருவதற்காகவே.

பொன்விழாக் காணும் இப்பங்கு வருங்காலத்தில் இன்னும் என்னென்ன கருவிகளைக் காணுமோ, நான் அறியேன். எது வந்தாலும் பின்தெருவுக்கு எட்டுகிறதா என்று முதலில் கேளுங்கள். எட்டவில்லையெனில் ஒருவர் எழுந்து நடந்து போங்கள். நம் ஆண்டவரும் நம்மிடம் அப்படித்தான் வந்தார்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக!

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை