திருவல்லிக்கேணி: வந்தவர்களுக்குச் சோறிட்ட பேட்டை

திருவல்லிக்கேணி, சென்னையில் மெரினா கடற்கரையை ஒட்டி அமைந்த பழைய குடியிருப்புப் பகுதி. வடக்கே சேப்பாக்கம், மேற்கே இராயப்பேட்டை. தெற்கே ஐஸ்ஹவுஸைக் கடந்து நடந்தால் மயிலாப்பூர். பக்கிங்காம் கால்வாய் இதன் விளிம்பில் ஓடுகிறது. கால்வாயின் மேலேயே பறக்கும் ரயில் நிலையம் நிற்கிறது. அல்லி பூத்த கேணி என்பதே பெயரின் பொருள். பார்த்தசாரதி கோயில் குளத்தின் கைரவிணி என்ற வடமொழிப் பெயருக்கும் அல்லியோடுதான் உறவு. ஆங்கிலேயர் வாயில் இது டிரிப்ளிகேன் ஆயிற்று. பேட்டைவாசிகள் பலர் இன்றும் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.

இந்தப் பேட்டையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று சோற்றைப் பற்றியது. பார்த்தசாரதி கோயிலில் உள்ள பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு, கோயில் நிலம் அடகு போனதால் பெருமாளுக்கான திருவமுது குறைந்துபோனதையும், ஒருவர் முன்வந்து நிலத்தை மீட்டு அமுதுபடியைப் பழையபடி நடக்கச் செய்ததையும் சொல்கிறது. போர் வெற்றியையும் மெய்க்கீர்த்தியையும் தேடிப் போகிறவருக்கு அங்கே அரிசிக் கணக்குத்தான் கிடைக்கும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக இந்த ஊரின் இயல்பு அதுவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. வெளியிலிருந்து வந்தவருக்கு இடம் கொடுப்பது, இலை போடுவது, பிறகு அவர் கொண்டுவந்த கலையையும் மொழியையும் தன்னுடையதாக்கிக்கொள்வது. கோயில், நவாப், மாணவர், பாரதி, மேன்ஷன் என்று எந்த வழியாக நுழைந்தாலும் இந்த இயல்பு கண்ணில் படும்.

கோயிலும் மாடவீதியும்

பார்த்தசாரதி கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசையோடு, ருக்மிணி, பலராமன், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன் சூழக் குடும்பமாக நிற்கிறார். உற்சவரான பார்த்தசாரதியின் திருமுகத்தில் வடுக்கள் உண்டு. குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனனுக்குத் தேரோட்டியபோது பீஷ்மரின் அம்புகள் பட்ட தழும்புகள் அவை என்பது நம்பிக்கை. காயம்பட்ட முகத்தோடு வீதிவலம் வரும் தெய்வம் ஒன்றை இவ்வளவு அருகிலிருந்து பார்ப்பது வேறு ஊர்களில் எளிதில் கிடைக்காத அனுபவம். ரங்கநாதர், ராமர், கஜேந்திர வரதர், தெள்ளிய சிங்கர் எனப்படும் நரசிம்மர் ஆகியோருக்கும் இங்கே தனிச் சந்நிதிகள் இருக்கின்றன. சித்திரையில் பார்த்தசாரதிக்கும் ஆனியில் தெள்ளிய சிங்கருக்கும் பிரம்மோற்சவம் நடக்கும். மாசியில் தெப்பம்.

பேட்டையின் முதல் கலை, மேடையே இல்லாத கலை. புறப்பாட்டின்போது பெருமாளுக்கு முன்னால் திவ்யப்பிரபந்தக் கோஷ்டி தமிழ் ஓதிக்கொண்டு நடக்கும். வேதபாராயணம் பின்னால் வரும். தமிழ் முன்னே போக வடமொழி பின்தொடரும் இந்த வரிசையைப் புத்தகத்தில் படிப்பதற்கும், மாடவீதியில் தோளோடு தோள் உரச நின்று கேட்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. ஓதுகிறவர்களில் பலர் பகலில் வங்கியிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்கள். தாத்தாவிடமும் அப்பாவிடமும் சந்தை சொல்லி, அதாவது அவர்கள் ஓத ஓதத் திருப்பிச் சொல்லிக் கற்றவர்கள். மார்கழி விடியலில் வந்தால் ஈர வாசலில் கோலமும், திருப்பாவை ஓதும் குரலும், கோயில் மடைப்பள்ளியிலிருந்து வரும் நெய் வாசமும் ஒன்றாகக் கிடைக்கும். இக்கோயிலின் சர்க்கரைப் பொங்கலுக்கு ஊரெல்லாம் பெயர் உண்டு. தொன்னையில் வாங்கியதும் ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

நவாபின் ஊர்

17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த இந்தக் கிராமம், அடுத்த நூற்றாண்டில் வேறொரு பெரிய விருந்தாளியை ஏற்றது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா கம்பெனியின் நிழலில் வாழ வந்து, 1768இல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினார். அவரோடு முன்ஷிகளும் மௌலவிகளும் வைத்தியர்களும் சமையற்காரர்களும் படைவீரர்களும் வந்து இறங்கினார்கள். அக்கிரகாரத்துக்கு அடுத்த தெருக்களில் தக்னி உருது கேட்கத் தொடங்கிற்று. 1855இல் வாரிசு இல்லையென்று காரணம் காட்டிக் கம்பெனி நவாப் பதவியை ஒழித்தது. பிறகு அரண்மனையும் அரசின் கைக்குப் போயிற்று. அரண்மனைதான் போயிற்று, மக்கள் போகவில்லை. ஜாம் பஜாரிலும் மீர்சாகிப்பேட்டையிலும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலைப் பேட்டையில் பெரிய மசூதி என்பார்கள். மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் கட்டிய கட்டடம். அதன் காலத்தைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை இயற்றியவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன்லால் கிரத் என்ற இந்து. அது பள்ளிவாசலுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் இன்னொரு காட்சி. பிரிவினையில் சிந்துவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தாதா ரத்தன்சந்த் நிறுவிய சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள், மயிலாப்பூர் பக்கமிருந்து சமைத்த உணவைக் கொண்டுவந்து, தலையில் குல்லா அணிந்து, நோன்பு திறக்கும் முஸ்லிம்களுக்குப் பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக இது தவறாமல் நடக்கிறது. வீடிழந்து வந்த ஒரு சமூகம் வந்த ஊரில் பிறருக்குப் பந்தி வைக்கிறது. இதைவிட இந்தப் பேட்டையை விளக்கும் செய்தி வேறில்லை.

இந்தச் சித்திரத்தில் கறையே இல்லை என்று சொல்ல முடியாது. 1990களின் தொடக்கத்தில் விநாயகர் சதுர்த்தி ஊர்வலங்களை ஒட்டி ஐஸ்ஹவுஸ் பக்கம் மோதல்கள் நடந்தன. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஊர்வலப் பாதை காவல்துறையின் கவலையாகிவிட்டது. பேட்டையின் இணக்கம் தானாக விளைந்ததில்லை, நாள்தோறும் காக்கப்படுவது என்பதை அந்த ஆண்டுகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

நவாப் காலத்து எழுத்துக்கலையின் வாரிசாக இங்கே ஒரு நாளேடு இருக்கிறது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலிருந்து வெளிவரும் 'முசல்மான்' என்ற உருது நாளிதழ், 1927இல் சையத் அஸ்மதுல்லா தொடங்கியது. நான்கு பக்கங்களையும் காத்திப் எனப்படும் எழுத்துக்கலைஞர்கள் மை தொட்டுக் கையால் எழுதுவார்கள். அதைப் படமெடுத்துத் தகடாக்கி அச்சிடுவார்கள். முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் கடைசி நேரச் செய்திக்காக வெறுமையாக விட்டுவைப்பது அவர்களுடைய வழக்கம். எழுதி முடித்த பக்கத்தில் பிழை வந்தால் பக்கத்தையே திரும்ப எழுதவும் நேரலாம். கணினி எழுத்துரு வந்த பின்னும் கையை விடாத இவர்களுக்குத் தமிழ்ப் பத்திரிகை உலகம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை.

பத்திரிகை, பள்ளி, பண்டகசாலை

நவீன சென்னையின் பொதுவாழ்வு தொடங்கிய இடங்களில் ஒன்று இந்தப் பேட்டை. 1878 செப்டம்பர் 20 அன்று ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் என்ற இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்ட மாணவர்களும் சேர்ந்து 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். கையில் இருந்தது கடனாக வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டணா, அச்சிட்டது 80 பிரதி. வரலாறு அவர்களைத் திருவல்லிக்கேணி அறுவர் என்றே அழைக்கிறது. 1904இல் இங்கே தொடங்கிய நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலையைப் பேட்டைக்காரர்கள் டியூசிஎஸ் என்பார்கள். இந்தியாவில் அவ்வகையில் முன்னோடியான நிறுவனம் அது. நடுத்தரக் குடும்பங்களின் அரிசியும் பருப்பும் நியாய விலையில் வரவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. 1897இல் கட்டி முடிந்த இந்து உயர்நிலைப் பள்ளியின் செங்கல் கட்டடத்தில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி தலைமை ஆசிரியராக இருந்தார். பின்னாளில் இயற்பியல் நோபல் பெற்ற எஸ். சந்திரசேகர் படித்தார். கணிதமேதை இராமானுஜன் 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் குடியிருந்தது அனுமந்தராயன் கோயில் தெருவில். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ்ஹவுஸில் 1897இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதியும் அங்கே இயங்கியது.

பாரதியின் கடைசித் தெரு

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி தன் கடைசி நாள்களைக் கழித்தார். பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழமும் தேங்காயும் கொடுப்பது அவருக்கு வழக்கம். 1921இல் ஒருநாள் அந்த யானை அவரைத் தள்ளிவிட்டது. அவருடைய அன்பர் குவளைக் கண்ணன் பாய்ந்து தூக்கிக் காப்பாற்றினார். அந்தக் காயத்திலிருந்து பாரதி தேறி எழுந்தார். உயிரைக் கொண்டுபோனது சில மாதங்களுக்குப் பின் வந்த வயிற்றுக்கடுப்பு. செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டிய பொழுதில் அவர் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் நடந்தவர் மிகச் சிலரே. அந்த வீட்டை 1993இல் தமிழக அரசு வாங்கிப் பாரதியார் இல்லமாக்கியது. அவர் முழங்கிய கடற்கரைத் திலகர் கட்டம் வீட்டிலிருந்து நடைத்தொலைவு. இல்லத்தைப் பார்த்த கையோடு அந்த வழியே கடலை நோக்கி நடந்து பார்ப்பது நல்லது. அவருடைய நாளின் அளவு அப்போதுதான் காலுக்குத் தெரியும்.

மெஸ், மேன்ஷன்

உறவினர் வீடு இல்லாமல் சென்னைக்கு வந்த இளைஞர்களுக்குத் திருவல்லிக்கேணி என்றால் மேன்ஷன். பெரிய குடும்பங்கள் காலிசெய்த வீடுகளும் புதிதாக எழுந்த மாடிக் கட்டடங்களும் சிறுசிறு அறைகளாகி, ஒரு கட்டில், ஒரு கொடி, ஒரு மின்விசிறி, பொதுக் குளியலறை என்று வாடகைக்கு விடப்பட்டன. சினிமா வாய்ப்பு தேடியவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, அரசுத் தேர்வுக்குப் படிப்பவர், ஒண்டிக்கட்டையாகவே ஓய்வு பெற்றவர் எல்லாரும் அங்கே அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்தார்கள். அறைக்குள் சமையல் கூடாது என்பது பெரும்பாலான மேன்ஷன்களின் விதி. அந்த விதிதான் பேட்டையின் உணவுக் கடைகளை வளர்த்தது.

1948இல் தொடங்கிய ரத்னா கபேயில் இட்லி கேட்டால் தட்டு நிறையச் சாம்பார் ஊற்றுவார்கள். இட்லி மிதக்க வேண்டும். குறைந்தால் மறுபடி ஊற்றுவார்கள், கணக்குப் பார்ப்பதில்லை. அந்தச் சாம்பாரில் மெல்லிய இனிப்பு ஓடும். இதை நிறுவியவர் வடநாட்டு மதுராவிலிருந்து வந்தவர் என்பது சாப்பிடும் பலருக்குத் தெரியாது. அக்பர் சாகிப் தெருவின் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும். எதிரே யார் உட்காருவார் என்பது வரிசையின் முடிவு. சேப்பாக்கம் சந்துக்குள் இருக்கும் நாயர் மெஸ் மீன் குழம்புக்கும் வஞ்சிரம் வறுவலுக்கும் பெயர்பெற்றது. கிரிக்கெட் நாள்களில் அங்கே இடம் பிடிப்பது கடினம். ரமலானில் மாலை ஐந்து மணிக்கு மேல் பெரிய மசூதிப் பக்கம் போனால் நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் வாங்கிப் போகும் கூட்டத்தில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். அரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி, பூண்டு, கொஞ்சம் கறி, பட்டை கிராம்பு மணம் என்று வயிற்றுக்கு இதமான உணவு அது. கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், ஜாம் பஜாரில் காய்கறியும் மீனும்.

அந்த மீனைக் கொண்டுவருகிறவர்கள் அயோத்தியா குப்பத்தார், நடுக்குப்பத்தார். பேட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் கோயிலில் தொடங்கிக் கடற்கரைச் சாலையில் நின்றுவிடுகிறார்கள். சாலையைத் தாண்டி இருக்கும் மீனவர் குப்பங்கள் எழுத்தில் வருவதில்லை. 2017 ஜனவரி 23 அன்று, மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் கடைசி நாளில், நடுக்குப்பம் மீன் சந்தை தீக்கிரையானபோதுதான் பலர் அந்தப் பெயரையே முதன்முதலாகக் கேட்டார்கள். அன்று போராட்டக்காரர்களுக்கு உதவியவர்கள் அந்தக் குப்பத்தார்.

பார்க்க வருகிறவருக்கு

திருவல்லிக்கேணியை ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியாது, முயலவும் வேண்டாம். வண்டியைத் தவிர்த்துப் பறக்கும் ரயிலில் வந்து இறங்குவது எளிது. மார்கழியில் ஒரு விடியல், ரமலானில் ஒரு மாலை, வேலைநாள் மதியம் ஒன்று. இந்த மூன்று பொழுதும் மூன்று வேறு ஊர்களைக் காட்டும். பைகிராப்ட்ஸ் சாலை என்று பழையவர்கள் சொல்லும் பாரதி சாலையின் நடைபாதையில் பழைய புத்தகங்களும் கண்ணில் படும். புறப்பாட்டிலும் தொழுகை நேரத்திலும் படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

பேட்டை வேகமாக மாறிவருகிறது. திண்ணை வைத்த வீடுகள் அடுக்ககமாகின்றன, மேன்ஷன்கள் இடிக்கப்பட்டு வேறு கட்டடங்கள் எழுகின்றன. கோயிலுக்குக் கல்வெட்டு இருக்கிறது, மசூதிக்குக் கவிதை இருக்கிறது, பாரதிக்கு இல்லம் இருக்கிறது. மேன்ஷன் அறைகளில் இளமையைக் கழித்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. அங்கே தங்கியவர்கள் அறை எண், வாடகை, மெஸ் கணக்கு, பக்கத்து அறைக்காரரின் ஊர் ஆகியவற்றை நினைவிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும்.