மண்ணின் சுவையும் அல்ஜீரிய வைனும்

பிரெஞ்சுக்காரர் வைனைப் பற்றிப் பேசினால் 'தெர்வார்' என்ற சொல் தவறாமல் வரும். மண்ணும் சரிவும் வெயிலும் போத்தலுக்குள் இறங்குகின்றனவாம். மண்ணின் பெயரால் நடந்தவற்றைப் பார்த்துவிட்டு வந்த எமக்கு இதில் சந்தேகம் எழுவது இயல்பே.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்செரா பூச்சி பிரெஞ்சுத் திராட்சை வேர்களை அழித்தது. அதைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் தப்பினார்கள். இன்றும் பெரும்பாலான கொடிகள் அந்த வேரிலேயே நிற்கின்றன.

அந்தப் பற்றாக்குறைக் காலத்தில் அல்ஜீரியாவில் குடியேறிகளின் திராட்சைத் தோட்டங்கள் பெருகின. மதுவை விலக்கிய மார்க்கத்தவர், பறிபோன தம் நிலத்திலேயே மதுவுக்காகக் கூலி வேலை செய்தனர். அல்ஜீரியா உலகின் முதன்மை வைன் ஏற்றுமதி நாடாகியது. தென்பிரான்சின் வெளிறிய வைனுக்கு நிறமும் வீரியமும் ஏற்ற அதைக் கலந்தார்கள்.

சென்ற மாதம் புதிய நண்பர்களுடன் வைன் சுவைக்கும் விருந்தொன்றில் (வைன் மிக நன்றாகவே இருந்தது) இதைச் சொன்னேன். "அது மலிவு வைனின் கதை, இந்த மேசைக்குரியதல்ல" என்றார் ஒருவர். மற்றவரின் குடும்பம் 1962இல் ஓரானை விட்டு வந்தது. தன் பாட்டனாரின் தோட்டத்தைப் பற்றி வீட்டில் நிறையப் பேசுவார்கள், அங்கு வேலை செய்தவர்களின் ஒரு பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்றார் அவர். இழந்தவர் என்ற வகையில் அவரும் எம்மைப் போன்றவர்தான். எதை இழந்தார் என்பதில்தான் எமது விவாதம் நள்ளிரவைத் தாண்டியது.

சுதந்திரத்துக்குப் பின் பிரான்ஸ் கொள்முதலைக் குறைத்தது. 1970களில் அல்ஜீரியா அந்தக் கொடிகளில் பலவற்றைப் பிடுங்கி எறிந்தது.