காம்பியா நாட்டு நெல்வயலும் பெண்டிர் உரிமையும்

மழைவளம் குன்றிய காலங்களில் உழவர் தம்மை எங்ஙனம் காத்துக்கொண்டனர் என்பதை ஆராய்வோர் பெரும்பாலும் அணையையும் வாய்க்காலையும் விதையையும் பொறியையும் பற்றியே எழுதுவர். வயலில் இறங்கி உழைத்தவர் யார், அவ்வயல் யாருக்குரியது, விளைந்த நெல் எவருடைய களஞ்சியத்தை நிறைத்தது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுதலே வழக்கம். ஆயினும், நீர்ப்பாசனத்துக்கென வழங்கப்படும் பெருநிதி பயன் தருவதும் தராது ஒழிவதும் இவ்வினாக்களுக்குரிய விடையைப் பெரிதும் பொறுத்தன. மேற்கு ஆபிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டின் நெல் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். மாறிவரும் காலநிலைக்கு ஏற்பச் சிறு கமக்காரர் தம் தொழிலை அமைத்துக்கொள்ள உதவவென உலக நாடுகள் நிதி ஒதுக்கிவரும் இந்நாளில், அவ்வரலாற்றை அறிதல் பயனுடைத்து.

காம்பியா, ஆபிரிக்கப் பெருநிலப் பரப்பிலுள்ள நாடுகளுள் மிகச் சிறியது. அதன் பரப்பு ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீற்றர். மேற்கே அத்திலாந்திக்குச் சமுத்திரமும் ஏனைய முப்புறமும் செனகல் நாடும் சூழ, தன் பெயருடைய ஆற்றின் இரு கரைகளையும் பற்றிக் கிடக்கும் ஒடுங்கிய நிலம் அது. 1889 ஆம் ஆண்டிற் பிரித்தானியரும் பிரான்சியரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் அதன் எல்லைகள் வகுக்கப்பட்டன. 1965 ஆம் ஆண்டு பெப்புருவரி 18 ஆம் நாள் அது சுதந்திரம் எய்தியது. அங்கு மழை யூன் முதல் ஒற்றோபர் வரையே பெய்யும். எஞ்சிய மாதங்கள் வறண்டவை. ஆற்றின் சாய்வு மிகக் குறைவாதலின் வறட்சிக் காலத்திற் கடல்நீர் நூறு மைலுக்கும் அப்பால் உட்புகும். மாரியில் வெள்ளம் பெருகி அதனைக் கீழே தள்ளும். மழை குறையுமாயின், பயிருக்கு நீர் குறைவதோடு நிலத்தில் உவரும் ஏறிவிடும். கடலோர வயல்களை அறிந்த நம் நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நாட்டில் வாழும் இனத்தவருள் தொகையால் மிக்கவர் மண்டிங்கா மக்கள். அவர்களிடையே வேளாண்மை நிலத்தின் தன்மைக்கேற்ப ஆண், பெண் எனப் பிரிந்து நின்றது. மேட்டு நிலத்திற் கம்பு, இறுங்கு, நிலக்கடலை ஆகியவற்றை ஆடவர் பயிரிட்டனர். ஆற்றோரத் தாழ்நிலங்களில் நெல் விளைவித்தவர் பெண்டிர். நைகர் ஆற்றுப் பகுதியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பயிர்ச்செய்கைக்கு வந்த ஆபிரிக்க நெல்லினமும், பின்னர் வந்து சேர்ந்த ஆசிய நெல்லினமும் அப்பெண்டிர் கையில் வளர்ந்தன. 1730 ஆம் ஆண்டு முதல் ஐந்தாண்டுகள் காம்பியாவில் வணிகப் பணியாற்றிய பிரான்சிசு மூர் என்னும் ஆங்கிலேயர், தாம் எழுதிய பயண நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். குடும்பத்துக்கு வேண்டிய நெல்லை ஒதுக்கிவைத்தபின், எஞ்சியதைப் பெண்கள் விற்றுப் பணத்தைத் தாமே வைத்துக்கொண்டனர் என்பதும், கணவர் அதில் தலையிடவில்லை என்பதும் அவர் கண்டறிந்த செய்திகள். ஆகவே அந்நாட்டு மகளிர் வயலிற் கூலியின்றி உழைத்தவர் மட்டுமல்லர். விளைவுக்கும் உரியவராய் இருந்தனர்.

இவ்வுரிமையின் அமைப்பை விளக்கும் மண்டிங்கா மொழிச் சொற்கள் இரண்டு உள. குடும்பத்தின் பொது உணவுக்கென எல்லாரும் உழைக்கும் வயல் ‘மருவோ’ எனப்படும். அதன் விளைவு குடும்பத் தலைவனின் ஆட்சிக்கு உட்பட்டது. ஒருவர் தமக்கெனப் பயிரிட்டு, அதன் விளைவைத் தாமே ஆளும் நிலம் ‘கமன்யாங்கோ’ எனப்படும். குடும்ப வயலில் உழைக்கும் கடமைக்கு ஈடாகவே தனி வயலுக்கான உரிமை அளிக்கப்பட்டது. கடமையும் உரிமையும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றன. சதுப்பு நிலத்தைத் தன் முயற்சியால் வெட்டித் திருத்திய பெண்ணுக்கு அந்நிலம் கமன்யாங்கோவாக உரித்தாதலும் வழக்காயிருந்தது. இனி வரும் நிகழ்ச்சிகள் யாவும் இவ்விரு சொற்களுக்கிடையே எழுந்த வழக்குகளேயாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் நிலக்கடலை ஏற்றுமதி தொடங்கி விரைந்து பெருகியது. ஆடவர் உழைப்பு அதன்பாற் சென்றமையால் உணவுப் பயிரின் சுமை பெண்டிர்மேல் மேலும் அழுந்தியது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அரிசி இறக்குமதியும் தொடங்கிவிட்டது. இவ்விறக்குமதியைக் குறைக்க விரும்பிய பிரித்தானிய ஆட்சியினர், இருபதாம் நூற்றாண்டின் நாற்பதுகள் முதலாகச் சதுப்பு நிலங்களுக்கு மண்பாதைகளும் சிறு பாலங்களும் அமைத்தனர். அவற்றின் வழியே பெண்டிர் முன்னர் எட்டவியலாத நிலங்களிலும் இறங்கி நெல் நட்டனர். வயல் விரிந்தபோதே வழக்கும் எழுந்தது. புதிதாய்த் திருத்தப்பட்ட நிலம் பெண்ணுக்குரியதாயின், மணமுறிவு நேரும்போது அது குடும்பத்தை விட்டு நீங்கிவிடுமென ஆடவர் சிலர் அஞ்சினர். ஆதலின் அதனை மருவோ என்றே கொள்ளவேண்டுமென வாதிட்டனர். நிலத்தின் பெறுமதி உயருந்தோறும் அதன் பெயரை மாற்ற முனையும் போக்கு அன்றே தலைகாட்டியது.

அறுபதுகளின் இறுதியில் இயற்கையும் இவ்வழக்கிற் புகுந்தது. 1968 ஆம் ஆண்டளவில் தொடங்கிய வறட்சி, சகாராப் பாலைவனத்தின் தென் விளிம்பிலுள்ள நாடுகள் அனைத்தையும் வாட்டியது. 1972, 1973 ஆம் ஆண்டுகளிலும், மீண்டும் 1983, 1984 ஆம் ஆண்டுகளிலும் அது உச்சநிலை எய்தியது. சமுத்திரங்களின் மேற்பரப்பு வெப்பத்தில் ஏற்பட்ட மாறுதல்களே இதற்குத் தலையாய காரணமென அறிவியலார் பின்னர் நிறுவினர். மழைக்காலம் சுருங்கியது, கண்டற்காடு சார்ந்த வயல்களில் மழைநீர் உப்பைக் கழுவி நீக்குவதற்குப் போதிய காலம் இல்லாதொழிந்தது. காய்ந்த கண்டல் மண்ணிற் புளிப்பும் மிகுந்தது. இந்நிலையிற் பெண்டிர் வாளாவிருந்தாரல்லர். நெடுங்கால நெல்லை விடுத்துக் குறுங்கால நெல்லை நாடினர். ஒரே பருவத்தில் மேட்டோர வயல், மழைநீர் தேங்கும் பள்ளம், ஆற்றுப்பெருக்கு எட்டும் சதுப்பு என வேறுவேறிடங்களிற் பயிரிட்டு இழப்பைப் பகிர்ந்தனர். உறவும் அயலும் வாயிலாக விதை மாற்றிக்கொண்டனர். காலநிலைக்கேற்பத் தொழிலை மாற்றியமைத்தல் என இன்று அறிஞர் கூறுவது அவர்க்கு அன்றாடத் தொழிலறிவாய் இருந்தது.

இவ்வறிவை நாடி நிதி வந்திருப்பின் வரலாறு வேறாயிருக்கும். வந்த நிதியோ வேறு வழிச் சென்றது. வறட்சிக்கு முன்னரே, நாற்பதுகளின் இறுதியில், குடியேற்ற நாட்டு அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் வல்லிக்குண்டா என்னுமிடத்தில் இயந்திர நெற்பண்ணையொன்றை நிறுவி, சில ஆண்டுகளிற் கைவிட்டிருந்தது. பின்னர் 1966 முதல் 1974 வரை தாய்வான் நாட்டு நிபுணரும், 1973 முதல் 1976 வரை உலக வங்கியும், 1975 முதல் 1979 வரை சீன மக்கள் குடியரசின் நிபுணரும் ஆற்றோரத்தில் நீரேற்றும் பொறிகளை நிறுவிக் கோடை நெற்செய்கையைப் பரப்ப முயன்றனர். நிலம், கடன், உரம், பயிற்சி ஆகியன பெரும்பாலும் ஆடவர்க்கே அளிக்கப்பட்டன. கமக்காரன் என்றால் ஆண்மகன் என்னும் எண்ணம் வந்தோரிடம் வேரூன்றியிருந்தது. நூற்றாண்டுகளாக நெல் நட்ட கைகள், இத்திட்டங்களிற் கூலிக்கோ குடும்பக் கடமைக்கோ உழைக்கும் கைகளாயின. யெனி டே என்னும் ஆய்வாளர் 1981 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இக்குறையைத் தெளிவாக எடுத்துரைத்தது. எசுத்தர் போசரப் என்னும் பொருளியலறிஞர் 1970 ஆம் ஆண்டிலேயே, குடியேற்ற ஆட்சியினர் ஆடவர்க்கு மட்டும் புதுமுறை வேளாண்மையைக் கற்பித்துப் பெண்டிரைப் பின்தள்ளினர் என எழுதியிருந்தார். காம்பியா அதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டாயிற்று.

இக்குறையைத் திருத்தும் நோக்குடனேயே அடுத்த பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. 1977 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியம், ஆபிரிக்க அபிவிருத்தி வங்கி, ஒல்லாந்து, மேற்கு ஜேர்மனி முதலானோரின் உதவியால் ஜகாலி, பச்சார் என்னும் சதுப்பு நிலங்களில் ஏறத்தாழ 1,500 ஹெக்டேயர் திருத்தப்பட்டு, 1984 இல் நெற்செய்கை தொடங்கியது. ஒரு பகுதிக்குப் பொறியால் நீரேற்றப்பட்டது. எஞ்சிய பகுதி ஆற்றுப்பெருக்கை நம்பியிருந்தது. பழைய சதுப்பு வயலில் ஒருபோகம் விளைந்த இடத்தில் இருபோகம் விளைந்தது, விளைச்சலும் பன்மடங்காயிற்று. பெண்டிர் பெயரில் நிலத்துண்டுகள் பதியப்படவேண்டுமென நிதி வழங்கியோர் வற்புறுத்தினர். பல துண்டுகள் அவ்வாறே பதியப்பட்டன.

ஆயின், பெயர் பதிதல் வேறு, ஆளுதல் வேறு. புதிய துண்டுகள் குடும்ப உணவுக்குரிய மருவோ நிலங்களே என ஆடவர் கொண்டனர். திட்டத்தை நடத்தியோரும் அதனையே ஏற்றனர். ஆகவே பதிவேட்டிற் பெண்ணின் பெயரும், களத்தில் ஆணின் ஆட்சியும் நிலவின. நம் நாட்டிலும் இதனையொத்த நிலை சட்டத்தால் வகுக்கப்பட்டதுண்டு. யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமை பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மனைவியின் அசையாச் சொத்தை அவள் பெயரிலேயே விடுத்து, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் அதனைக் கைமாற்றலாகாதென விதித்தது. ஜகாலியில் நிகழ்ந்ததோ எழுதாச் சட்டத்தால் நிகழ்ந்தது.

அதன் விளைவு உழைப்பிற் காணப்பட்டது. இருபோகச் செய்கை ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டியது. முன்னர் மருவோவில் உழைத்த பெண்ணுக்குத் தன் கமன்யாங்கோவிற்கு மீளும் காலம் இருந்தது. இப்போது கடமை இருமடங்காயிற்று. அக்கடமைக்கு ஈடான தனிவயலோ திட்டத்தின் எல்லைக்குள் மறைந்துவிட்டது. மகளிர் வழக்காடினர். சில குடும்பங்களில் விளைவில் ஒரு பங்கையேனும் மாற்று நிலத்தையேனும் பெற்றனர். ஏதும் பெறாதவிடத்து வயலிலிருந்து கையை வாங்கினர். பலர் குழுக்களாய்க் கூடிப் பிறர் வயலிற் கூலிக்கு நாற்று நட்டனர். சொந்த வயலுக்கு நடுகையாள் கிடையாத குடும்பத் தலைவர் கூலி கொடுத்து ஆள் தேடவேண்டியதாயிற்று. நிலத்தையும் நீரையும் நுணுகிக் கணக்கிட்ட திட்டம், உழைப்போரின் இசைவைக் கணக்கிலெடுக்கத் தவறியது.

குடும்பம் என்பது ஒரே அலகு அன்றோ, நெல் எவர் கையில் இருப்பினும் எல்லாரும் உண்பரன்றோ என்று வினவுவார் உளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. வறட்சியில் நிலக்கடலை பொய்த்தமையால் ஆடவரும் இடருற்றனர். குடும்பத்துக்கு உணவு தேடும் பொறுப்பும் அவர்க்கு இருந்தது. ஆயினும் மண்டிங்கா வழக்கமே குடும்பத்துக்குள் இருவகை நிலத்தையும் இருவகைக் களஞ்சியத்தையும் வகுத்திருந்தது. அவ்வழக்கத்தின் ஒரு பாதியை மட்டும் ஏற்று, மறுபாதியை மறந்தமையே திட்டத்தின் பிழையாயிற்று. தன் உழைப்பின் பயனைத் தானே ஆளும் பெண்ணே அடுத்த பருவத்துக்கு நல்விதை தேடவும் புதுமுறை பயிலவும் ஊக்கம் கொள்வாள்.

இவ்வுண்மையை உணர்ந்து செய்யப்பட்ட முயற்சியும் அதே நாட்டில் உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தொடங்கிய தாழ்நில வேளாண்மைத் திட்டத்துக்கும் அதே சர்வதேச நிதியமே பொருள் உதவியது. அதிற் பெரும் பொறிகள் முதன்மை பெறவில்லை. சதுப்பு நிலங்களுக்கு மண்பாதை, பாலம், உவர்நீரைத் தடுக்கும் அணைவரம்பு ஆகியனவே அமைக்கப்பட்டன. பணி தொடங்குமுன் ஊர்களில் நிலமுடைய பழங்குடும்பத்தினரும் நிலமற்றோரும் கூடிப் பேசி உடன்பாடு கண்டனர். உவர்பட்டுப் பயன்படாது கிடந்த நிலத்தைத் திருத்த உழைப்போர்க்கு அந்நிலத்திற் பங்கு நிலையாக உரியதாகும் என்பதே உடன்பாட்டின் சாரம். உழைக்க வந்தோருட் பெரும்பாலார் பெண்டிராதலின், நிலம் பெற்றோரும் பெரும்பாலும் அவரேயாயினர். உழைப்பால் உரிமை பிறக்கும் என்னும் பழைய கமன்யாங்கோ நெறியே இங்கு மீண்டும் உயிர்பெற்றது. வெளியாரின் நிதி ஊராரின் நீதியோடு இசைந்தபோது வழக்கு எழுவதற்கு இடம் குறைந்தது.

இதன்பின் 2012 ஆம் ஆண்டில் அந்நிதியம் சிறு கமக்காரரின் காலநிலைத் தகவமைப்புக்கெனத் தனி நிதித்திட்டம் தொடங்கியது. 2014 ஆம் ஆண்டு லீமா நகரிற் கூடிய காலநிலை மாநாடு, ஆண் பெண் சமநிலை பற்றிய வேலைத்திட்டமொன்றை ஏற்றது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் காம்பியாவில் 1984 இலும் பெண்டிர் நலன் திட்ட ஏட்டில் எழுதப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது. திட்டமொன்றை மதிப்பிடுவோர், பதிவேட்டில் எத்தனை பெண்களின் பெயர் உண்டு எனக் கேட்டு அமைதல் போதாது. அறுவடையின்பின் நெல்லை அளப்பவர் யார், விற்ற பணத்தை எண்ணுபவர் யார், மணமுறிவோ கைம்மையோ நேரின் வயல் யாரிடம் நிற்கும் என்பவற்றையும் அவர்கள் கேட்டறிதல் வேண்டும். மழை குன்றிய காலத்தில் ஒரு நாட்டின் உணவைக் காப்பது நீரும் விதையும் மட்டுமன்று. அவற்றைப் பேணுவோர்க்கு உரிய உரிமையும் அதனைக் காக்கும் என்பதே காம்பியா வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.