பாதம் காப்போர்க்கும் பாடம் உண்டு

ஒருமுறை கற்ற கல்வி ஆயுள் முழுமைக்கும் போதுமா? அமெரிக்கப் பாத வைத்தியர்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கிறது. அத்தொழிலை நியூயார்க் மாநிலம் 1895-இலேயே சட்டத்தால் ஒழுங்குபடுத்தியது. ஆயினும், வைத்தியர் உரிமம் பெற்ற அன்றோடு அறிவின் வளர்ச்சி நின்றுவிடவில்லை.

1946-இல் நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்டு. தொழுநோயாளரின் பாதம் புண்ணாவது சதை தானே அழுகுவதால் அன்று. வலியுணர்ச்சி அற்றுப்போய், காயத்தை அறியாமலே நடப்பதால்தான் என்று அவர் எடுத்துக்காட்டினார். 1966-இல் அவர் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்ச்சி குன்றிய நீரிழிவு நோயாளரின் பாதங்களையும் காக்க அவ்வுண்மை உதவியது. அதற்கு முன்னரே பட்டம் பெற்ற வைத்தியர் அதனைப் புதிதாகக் கற்றாலன்றோ நோயாளியின் கால் பிழைக்கும்?

இன்று கலிபோர்னியாவில் உரிமத்தைப் புதுப்பிக்கும் பாத வைத்தியர், ஈராண்டில் 50 மணி நேரம் தொடர்கல்வி பெற்றிருத்தல் வேண்டும். நம் நாட்டிலும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், ஐந்தாண்டில் 30 மணி நேரமேனும் மருத்துவர்கள் பயிலுமாறு கூறின.

நேயர்களே, எம்மாநிலத்தில் வாழினும், உங்கள் வைத்தியர் இன்னும் கற்கிறாரா என்று அறிந்துகொள்ளுங்கள். சுவரில் தொங்கும் சான்றிதழ் அவர் முன்பு கற்றதை மட்டுமே கூறும்.