பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த டிஸ்க்?

கோர் 2 டியோ பிராசஸர், ஜி41 மதர்போர்டு. இந்த ஜோடியில் ஓடும் பழைய டெஸ்க்டாப்புகளைத் தூக்கிப் போடத் தேவையில்லை. கடிதம் தட்டவும் இணையம் பார்க்கவும் அந்த பிராசஸர் போதும். இழுத்தடிப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். அதை மாற்ற நினைப்பவர் முன் இருப்பவை இரண்டு: இன்னும் பெரிய ஹார்ட் டிஸ்க், அல்லது அளவில் சிறிய எஸ்எஸ்டி.

ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. கேட்ட தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லி விநாடி ஆகும். முனை இடம்விட்டு இடம் நகர இன்னொரு 8, 9 மில்லி விநாடி. கூட்டிப் பார்த்தால் நொடிக்கு 80 இடங்களைத்தான் தொட முடியும். விண்டோஸ் எழும்பும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி அலைகிறது. டிஸ்க் 500 ஜிபியிலிருந்து 2 டிபி ஆனாலும் இந்த அலைச்சல் அப்படியேதான் இருக்கும், இடம்தான் கூடும். எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தகவல் கைக்கு வந்துவிடும்.

ஜி41 போர்டின் சாட்டா வழியில் நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது; 550 எம்பி தரவல்ல எஸ்எஸ்டி அதில் வீண் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். சினிமா போன்ற பெரிய கோப்பை நகலெடுக்கையில் வேண்டுமானால் அந்தக் குறை தெரியும். அன்றாட வேலையில் தேடும் நேரம் மிச்சமாவதுதான் லாபம்; அதைப் பழைய போர்டு தடுப்பதில்லை.

ஹார்ட் டிஸ்குக்கும் வலுவான இடம் உண்டு. ஜிபி கணக்கில் அதுதான் மலிவு. கெட்டுப்போகும் முன் பல நேரங்களில் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி நேற்றுவரை ஓடி, இன்று பயாஸில் பெயரே காட்டாமல் போகலாம். அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பதும் கடினம்.

பொருத்துவது எளிது. எஸ்எஸ்டி 2.5 அங்குலம், 3.5 அங்குல இடத்தில் உட்கார ஒரு பிராக்கெட் வேண்டும். சாட்டா கேபிள் அதேதான். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை மிச்சமில்லை என்றால் ஒரு கன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும். விண்டோஸ் 7க்கு முந்தையது ஓடினால் அதையும் மாற்றிவிடுங்கள். எஸ்எஸ்டியைப் பேணும் டிரிம் வசதி எக்ஸ்பியில் கிடையாது.

என் தீர்ப்பு: 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ், நல்ல நிலையில் இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க் பக்கத்திலேயே படங்களுக்கும் பாட்டுக்கும். ஆனால் விண்டோஸை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுக்க, அதாவது குளோன் செய்ய, பழைய டிஸ்கில் உள்ளதையெல்லாம் படித்தாக வேண்டும். நலிந்த டிஸ்க் அந்தப் பளுவிலேயே படுத்துவிடக்கூடும். ஆகவே ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன், குடும்பப் படங்களையும் முக்கிய ஆவணங்களையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்துவிடுங்கள்.