இல்லையென்று எழுதிய குறிப்பு

விஞ்ஞான வரலாற்றைப் பேராசிரியர்களின் வரலாறாகவே நாம் பெரிதும் கற்பித்து வருகின்றோம். நியூசிலாந்தின் அல்பேர்ட் ஜோன்ஸ் மாவாலையிலும் பலசரக்குக் கடையிலும் மோட்டார்த் தொழிற்சாலையிலும் உழைத்தவர். இரவிலோ, தாமே ஆக்கிய தொலைகாட்டியால் ஒளிமாறும் விண்மீன்களை அளந்தார். அளவுகோல் கண்தான்! ஒளித்தரம் அறியப்பட்ட அயல் மீன்களோடு ஒப்பிட்டு, மதிப்பை நேரத்துடன் எழுதிவைப்பதே முறை. (ஒளி குறையக் குறைய ஒளித்தரத்தின் எண் பெருகும், இது வானியலார் வழக்கம்.) 2013 இல் மறையுமுன் இத்தகைய குறிப்புகள் 5 இலட்சத்துக்கு மேல் எழுதிவிட்டார். இவர் போன்றோரைப் 'பொழுதுபோக்கு' வானியலார் என்பர். பகலெல்லாம் ஆலையில் நின்றவனின் இரவுக்கு அச்சொல் பொருந்துமோ?

1987 பெப்ரவரி 23 ஆம் நாள், உலக நேரம் காலை 7.35 க்கு யப்பானிலும் அமெரிக்காவிலும் நிலத்தடிக் கருவிகள் சில நியூத்திரினோக்களைப் பதிந்தன. அப்போது எவரும் அதை அறியார். ஏறத்தாழ 2 மணி நேரத்தின் பின் ஜோன்ஸ் வழமைபோல் பெரிய மகெல்லன் முகிலை நோக்கினார். 7.5 ஆம் ஒளித்தரத்தினும் பிரகாசமான புதுமீன் எதுவும் அங்கில்லை. மேலும் ஒரு மணி நேரத்தளவிற் கழிந்தபின் அவுஸ்திரேலியாவில் றொபேட் மக்னோட் எடுத்த படத்தில், 6 ஆம் ஒளித்தரமளவிலான மீனொன்று பதிந்திருந்தது. அது பின்னரே கவனிக்கப்பட்டது.

மறுநாள் சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் வானாய்வு நிலையத்தில் இயன் ஷெல்டன் தம் புகைப்படத் தகட்டில் அதனைக் கண்டார். அங்கே இரவுப் பணியாளரான ஒஸ்கார் துவால்டே, வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபோதே வெறுங்கண்ணாற் கண்டிருந்தார். ஜோன்சும் அன்றே தனித்துக் கண்டுபிடித்தார். 1604 க்குப் பின் வெறுங்கண்ணால் எளிதிற் காணத்தக்க முதற் சுப்பர்நோவா அது. மே மாதத்தில் 3 ஆம் ஒளித்தரமளவுக்கு எழுந்து, பின்னர் மங்கியது. மங்கிய வேகம், 77 நாளிற் பாதியாகும் கோபாற்று-56 இன் சிதைவோடு இசைந்தது.

ஆயினும் நாம் பெரிதாக மதிப்பது ஜோன்ஸ் 'இல்லை' என்று எழுதிய குறிப்பையே. விண்மீனின் உள்ளகம் இடிந்து வீழும்போது நியூத்திரினோக்கள் உடனே வெளியேறிவிடும். அதிர்வலை மேற்பரப்பை அடைந்த பின்னரே ஒளி பெருகும். மீன் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு நேரம் செல்லும். வெடிப்பன செம்பேருடுக்களே என்று அறிஞர் எண்ணியிருந்த காலம் அது. அத்தகைய பெருமீனில் அலை வெளிவரப் பல மணி நேரமாகும். இங்கோ 3 மணிக்குள் ஒளி எழுந்துவிட்டது. மறைந்துபோன மீன் அதனிலும் சிறியதான நீலப்பேருடு எனப் பழைய படங்கள் காட்டியதற்கு இது இசைந்தது. மக்னோட்டின் படம் மட்டும் இருந்திருப்பின், ஒளியெழுச்சி அதற்கு எவ்வளவு முன்னர் நிகழ்ந்ததென்று கணிக்க வழியில்லை. முன்னெல்லையைத் தந்தது ஜோன்ஸின் குறிப்பு.