புதிய பால்கனிக்கும் சோதனை ஏன்?

பழைய வீடு ஒன்று இடிந்து விழுந்தது என்றால் நாம் வியப்பதில்லை. காலமும் மழையும் அதை அரித்துவிட்டன என்போம். ஆனால் கட்டி முடித்துப் பத்தாண்டுகூட ஆகாத ஒரு மாடிக் குடியிருப்பில், சுவரும் தரையும் புதுமை மாறாமல் இருக்கும்போதே, பால்கனி முறிந்து விழுமா? விழும் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2015-ஆம் ஆண்டில் ஆறு இளம் உயிர்களைப் பறிகொடுத்து அறிந்துகொண்டது. அதன் பின்னரே, புதிய குடியிருப்புகளின் பால்கனிகளையும் குறித்த காலத்தில் சோதித்தாக வேண்டும் என்ற சட்டம் அங்கே பிறந்தது. அந்த வரலாற்றையும் அதற்கு அடிப்படையான அறிவியலையும் இங்கே காண்போம்.

கலிலியோ ஆராய்ந்த விட்டம்

சாதாரண விட்டத்திற்கு இரு முனைகளிலும் தாங்கல் உண்டு. பால்கனியைத் தாங்கும் விட்டங்களுக்கோ பெரும்பாலும் ஒரு முனையில்தான் பிடிப்பு இருக்கிறது. மறுமுனை வெளியே நீண்டு நிற்கிறது. இத்தகைய விட்டம் எவ்வளவு சுமை தாங்கும் என்ற கேள்வியை முறையாக ஆராய்ந்தவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ. 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் வெளியான அவருடைய நூலில், சுவரிலிருந்து நீண்டு நிற்கும் மர விட்டத்தின் முனையில் ஒரு சுமை தொங்கும் படம் இருக்கிறது. விட்டத்தினுள் விசைகள் பரவும் விதத்தை அவர் முழுவதும் சரியாகக் கணிக்கவில்லை. கூலும் போன்றவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அதைத் திருத்தினார்கள். ஆயினும் அவர் கண்ட இரண்டு உண்மைகள் இன்றும் நிற்கின்றன. விட்டம் சுவரை ஒட்டிய இடத்திலேதான் முறியும். அதன் வலிமை உயரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும்.

இரண்டாவது உண்மையின் விளைவைப் பாருங்கள். விட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கெட்டுப்போனால், எஞ்சுவது மூன்றில் இரண்டு பங்கு வலிமை அன்று. ஒன்பதில் நான்கு பங்குதான். அதாவது பாதிக்கும் குறைவு. அதுவும் பால்கனி விட்டத்தில் மேற்பகுதி இழுபடுகிறது, கீழ்ப்பகுதி நசுக்கப்படுகிறது. தரையும் சுவரும் சேரும் இணைப்பில் நீர் புகுந்தால், அது முதலில் சேர்வது இழுபடும் அந்த மேற்பகுதிக்குத்தான். விசை மிகுதியாக இருக்கும் இடமும் ஈரம் நுழையும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

பெர்க்லி விபத்து

கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பெர்க்லி நகரில், 2007-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு குடியிருப்பு. 2015 ஜூன் 16, நள்ளிரவு கடந்த நேரம். கோடை விடுமுறையில் வேலை செய்ய அயர்லாந்திலிருந்து வந்திருந்த மாணவர்கள் ஒரு பிறந்த நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். 13 பேர் நின்றிருந்த பால்கனி சுவரை ஒட்டி முறிந்து, கீழ்மாடிப் பால்கனியின் மேல் கவிழ்ந்தது. ஆறு பேர் இறந்தனர். ஏழு பேர் படுகாயமடைந்தனர்.

கூட்டம் மிகுந்ததுதான் காரணம் என்று முதலில் சிலர் கருதினர். ஆனால் முறிந்த விட்டங்களைப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. சுவரை ஒட்டிய பகுதியில் மரம் மக்கிப்போயிருந்தது. அதற்கு நேர் கீழே இருந்த பால்கனியும் இவ்வாறே கெட்டிருந்ததால் அதையும் அகற்ற வேண்டியதாயிற்று.

மரத்தை மக்கச் செய்வது ஒரு பூஞ்சை. மரத்திற்கு உறுதி தரும் செல்லுலோசை அது சிதைத்து உணவாகக் கொள்கிறது. இவ்வாறு மக்கிய மரம் உலர்ந்தபின் பழுப்பேறி, சிறு சிறு கட்டங்களாக வெடித்து, கையால் பொடிக்கும் நிலையை அடைகிறது. இதனை ‘உலர் அழுகல்’ என்று அழைப்பது வழக்கம். பெயர்தான் அப்படி, ஈரமின்றி இது நேர்வதில்லை. ஈரம் சுமார் 20 விழுக்காட்டிற்குக் கீழே இருக்கும் மரத்தைப் பூஞ்சை பொதுவாக அணுகாது.

அப்படியானால் புதிய கட்டடத்தின் உள்ளே அவ்வளவு ஈரம் எப்படி வந்தது? அலமீடா மாவட்ட அரசு வழக்கறிஞர் 2016-இல் இதற்கு விடை கூறினார். கட்டும்போதே நீர் பால்கனியின் உள்ளே அடைபட்டுவிட்டது. மேலே நீர்புகாப் பூச்சு, கீழேயும் பக்கங்களிலும் மூடிய பூச்சு. மழை உள்ளே வராமல் தடுக்க வேண்டிய உறையே, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறாதபடியும் காத்து நின்றது. பயன்படுத்திய பொருள்களோ அன்றைய கட்டட விதிகள் அனுமதித்தவைதாம். குற்ற வழக்குத் தொடரப் போதிய சான்று இல்லை என்று அவர் முடிவு செய்தார். ஆகவே விதிகளையே திருத்த வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

முன்னர் நடந்தவை

கட்டடங்களைக் குறித்த காலத்தில் சோதிப்பது புதிய கருத்தன்று. 1979-இல் நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் முகப்பிலிருந்து உடைந்து விழுந்த துண்டு கல்லூரி மாணவி ஒருவரைக் கொன்றது. மறு ஆண்டே, ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்தாண்டுக்கு ஒரு முறை சோதிக்கும் சட்டம் அங்கே வந்தது. 2003 ஜூன் 29 அன்று சிகாகோவில் மாடிகளின் பின்புற மரத் தாழ்வாரங்கள் சரிந்து 13 பேர் இறந்தனர். அவை 1998-இல் அனுமதியின்றிக் கட்டப்பட்டவை, தாங்கல் போதாதவை என்று நகராட்சி கூறியது. அதாவது அவற்றின் வயது ஐந்தே ஆண்டுகள். முதுமைதான் ஆபத்து என்ற எண்ணம் அப்போதே ஆட்டம் கண்டிருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெர்க்லி நகரம் ஒரு மாதத்திற்குள், 2015 ஜூலையிலேயே, பால்கனிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. நூற்றுக்கணக்கான கட்டடங்களில் பழுது பார்க்க வேண்டிய குறைகள் வெளிப்பட்டன. மாநில அரசு 2017-இல் கட்டட விதிகளைத் திருத்தியது. பால்கனியின் உள்வெளியில் காற்று உலவ வழி வைக்க வேண்டும்; நீர்புகாப் பூச்சின் விவரங்கள் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்; அதிகாரி பார்த்து ஒப்புதல் தருமுன் அதனை மூடிவிடக் கூடாது. மறைந்துபோகும் வேலையை மறையுமுன் பார்ப்பதே இதன் நோக்கம்.

2018-இல் வந்த சட்டம் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட வாடகைக் குடியிருப்புகளுக்கானது. தரையிலிருந்து ஆறடிக்கு மேல் உயர்ந்து, மரத்தை நம்பி நிற்கும் பால்கனி, வெளிப்படிக்கட்டு, நடைபாதை ஆகியவற்றை ஆறாண்டுக்கு ஒரு முறை தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 15 விழுக்காட்டைப் பார்த்தாக வேண்டும். பழைய கட்டடங்களுக்கான முதல் கெடு 2025 ஜனவரி 1 என இருந்து, பின்னர் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. சொந்த வீடுகள் அடங்கிய அடுக்குமாடிகளுக்கு 2019-இல் தனிச் சட்டம் வந்தது. அவற்றிற்கு ஒன்பதாண்டுக்கு ஒரு முறை சோதனை.

இவ்விரு சட்டங்களும் புதிய கட்டடங்களுக்கு ஒரே விதியை வகுத்தன. குடியேறலாம் என்ற சான்றிதழ் கிடைத்த ஆறாண்டுக்குள் முதற்சோதனை முடிந்தாக வேண்டும். பெர்க்லியில் முறிந்த பால்கனியின் வயது எட்டு என்பதை நினைவுகூர்ந்தால், இந்த ஆறு என்ற எண்ணின் பொருள் விளங்கும்.

இன்னொரு மறைவும் விலக்கப்பட்டது. பெர்க்லிக் கட்டடத்தைக் கட்டிய நிறுவனம் வேறு குடியிருப்புகளில் எழுந்த குறைபாட்டு வழக்குகளை அதற்கு முன்பே 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்திருந்தது. உரிமம் வழங்கும் வாரியத்திற்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இல்லை. 2018-இல் வந்த வேறொரு சட்டம், இத்தகைய வழக்குகளில் 10 லட்சம் டாலரும் அதற்கு மேலும் கொடுத்துச் செய்துகொள்ளும் சமரசங்களை 90 நாட்களுக்குள் அறிவிக்கச் செய்தது. ஈரத்தைப் போலவே செய்தியும் உள்ளே அடைபட்டால் கேடு விளைவிக்கும் அல்லவா?

நாம் அறிய வேண்டியது

காங்கிரீட் பால்கனிகளில் பூஞ்சைக்கு இடமில்லை. ஆனால் அங்கும் இழுவிசையைத் தாங்கும் இரும்புக் கம்பிகள் தளத்தின் மேற்பகுதியில்தான் இருக்கின்றன. நீர் கசிந்து அவற்றை எட்டினால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் காங்கிரீட் வெடிக்கும். சுவரை ஒட்டி ஓடும் விரிசல், அடியில் படரும் ஈரக்கறை, வடியாமல் தேங்கும் மழைநீர் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள்.

பெர்க்லிப் பால்கனியில் முன்பு குடியிருந்தவர்கள் காளான் முளைத்ததைக் கண்டு நிர்வாகத்திடம் முறையிட்டதாக வழக்குகளில் கூறப்பட்டது. காளான் என்பது மரத்தினுள் பரவியிருக்கும் பூஞ்சையின் வெளிமுகம். அது தலை காட்டும்போது உள்ளே வேலை நெடுந்தூரம் நடந்திருக்கும். அதைப் படித்தறியத் தெரிந்தவர் ஒருவர் குறித்த நாளில் வந்து பார்க்க வேண்டும் என்பதுதான் இச்சட்டங்களின் சாரம்.